இதயத்தை நிறுத்தும் மருந்து முதலில் தொடுவது எதை?

குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய வீட்டுக்காரருக்குத் திருவனந்தபுரத்தில் பைபாஸ் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். நான் ஆபரேஷன் தியேட்டரில் ஹார்ட்-லங் மெஷின் ஓட்டுகிற பெர்ஃப்யூஷனிஸ்ட் என்பது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் வந்து உட்கார்ந்தவர் நேராகக் கேட்டார்: "மக்ளே, இருதயத்த நிறுத்திப்போட்டுதான் ஆப்பரேசன் பண்ணுவாவளாமே. நிறுத்துன இருதயம் பின்ன எப்பிடி ஓடும்? அந்த மருந்து உள்ள போயி ரத்தக்கொழாய ஒண்ணும் செய்யாதா?"

முதல் கேள்வியை எல்லாரும் கேட்பார்கள். இரண்டாவதை நோயாளியின் வீட்டார் யாரும் என்னிடம் இதுவரை கேட்டதில்லை. எங்கள் துறையிலேயே அதை ஆழமாகக் கேட்கத் தொடங்க ரொம்ப வருஷம் பிடித்தது. இதயத்தின் தசை பிழைத்ததா என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். தசைக்குப் போகிற வழியில் இருக்கிற குழாய்க்கு என்ன ஆனது என்று பார்ப்பது குறைவு. ஆனால் அந்த மருந்து முதலில் தொடுவது குழாயைத்தான்.

பாட்டி வாழ்நாள் முழுக்க ரப்பர் பால் வெட்டியவர். அன்றைக்கு அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதற்காக நிறுத்துகிறோம்? பைபாஸில் தையல் போடுகிற கரோனரி தமனியின் துவாரம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தின் மேல், ரத்தம் பீறிடுகிற இடத்தில், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பது கடினம். வால்வு மாற்றுவது என்றால் இதயத்தைத் திறந்தே ஆக வேண்டும். (துடிக்கும்போதே செய்கிற பைபாஸும் உண்டு. நம் நாட்டில் அது நிறையவே நடக்கிறது. அதில் இந்த மருந்துக்கு வேலை இல்லை.) நிறுத்திச் செய்யும்போது உடம்புக்கு ரத்தம் ஓட்டுவதை மெஷின் எடுத்துக்கொள்ளும். சர்ஜன் பெருந்தமனியின் குறுக்கே கிளாம்ப் போடுவார். அந்த நொடியிலிருந்து இதயத்துக்கு மட்டும் ரத்தம் கிடையாது.

ரத்தம் இல்லாமல் துடித்துக்கொண்டிருந்தால் தசை தன் கையிருப்பைத் தின்று தீர்த்துவிடும். துடிப்பை உடனே நிறுத்தினால் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குளிர வைத்தால் இன்னும் குறையும். இந்த வேலைக்கான கரைசலுக்குப் பெயர் கார்டியோபிளீஜியா. தியேட்டரில் நாங்கள் சுருக்கமாக 'பிளீஜியா' என்போம்.

நிறுத்துவது பொட்டாசியம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருக்கிற அதே பொட்டாசியம்தான். நம் ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் இருக்கும். அளவின் பெயரை விடுங்கள், எண்ணை மட்டும் பாருங்கள். பிளீஜியாவில் அது பெரும்பாலும் 16-லிருந்து 20-க்குள், சிலதில் அதற்கும் மேல். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் தசைச் செல்லின் சுவரில் சோடியம் கதவுகள் படாரென்று திறக்க வேண்டும். வெளியே பொட்டாசியம் கூடினால் செல்லின் மின்னழுத்தம் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். அந்தக் கதவுகளும் பூட்டிய நிலையிலேயே நின்றுவிடும். அடுத்த துடிப்பு பிறக்காது. இதயம் விரிந்து தளர்ந்த நிலையில் நிற்கும்.

அதை முதல் தடவை பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிளீஜியாக் குழாயில் பம்பை ஓட விட்டேன். மானிட்டரில் இசிஜி கோடு முதலில் அகலமாகி, பிறகு சோம்பலாகி, ஒரு நிமிடத்துக்குள் நேர்கோடு ஆனது. வேறு எந்த அறையில் அந்தக் கோட்டைப் பார்த்தாலும் ஓடுவோம். அங்கே சர்ஜன் அமைதியாக "சரி, நின்னாச்சு" என்றார்.

இப்போது பாட்டியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பெருந்தமனி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்தில், வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு சிறு வாய்கள் இருக்கின்றன. இடது, வலது கரோனரி தமனிகள் அங்கேதான் பிறக்கின்றன. கிளாம்புக்கும் வால்வுக்கும் நடுவில் ஊசி வைத்து மருந்தை விட்டால் அது இந்த இரண்டு வாய்களில் நுழைந்து, கிளை கிளையாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத தந்துகிகள் வரை போகும். அந்த வழி நெடுக உள்பக்கத்தில் ஒரு படலம் விரிந்திருக்கிறது. ஒரே ஒரு செல் தடிமன். அதன் பெயர் எண்டோதீலியம்.

பாட்டியிடம் நான் ரப்பர் மரத்தை வைத்துத்தான் சொன்னேன். பட்டையைச் சீவும்போது கத்தி பாலோடுகிற அடுக்கைத் தொட வேண்டும், ஆனால் அதற்கும் உள்ளே மரத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தைத் தொடவே கூடாது. தொட்டால் மரம் சாகாது. ஆனால் அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் நேராக வெட்ட முடியாது. பாட்டி உடனே பிடித்துக்கொண்டார். "காயம் பட்ட மரம் பாக்கதுக்கு நல்லாத்தான் நிக்கும்" என்றார். குழாய்க்கும் அதேதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

அந்தப் படலம் வெறும் பூச்சு இல்லை என்பதே உலகத்துக்கு 1980-ல்தான் தெளிவானது. அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்கோட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். அசெட்டைல்கோலின் என்ற பொருளைச் சேர்த்தால் சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவில்லை. காரணம் தேடிப் பார்த்தால், துண்டைத் தயார் செய்யும்போது உள்பக்கம் உரசிப்போனவை தளர மறுத்தன. படலம் பிழைத்திருந்தவை மட்டும் தளர்ந்தன. அந்தப் படலம் எதையோ சுரந்து பக்கத்துத் தசைக்கு 'தளரு' என்று சொல்கிறது. அந்த எதையோதான் நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெரிந்தது. 1998-ல் ஃபர்ச்கோட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

படலத்துக்கு நைட்ரிக் ஆக்சைடு மட்டும் இல்லை, புரோஸ்டாசைக்ளின் என்று இன்னொரு சுரப்பும் உண்டு. மூன்றாவதாக, தசைச் செல்லின் மின்னழுத்தத்தை இன்னும் கீழே இறக்கி அதைத் தளர்த்துகிற ஒரு வழியும் உண்டு. குழாய் சிறுக்கச் சிறுக்க இந்த மூன்றாவது வழியின் பங்கு கூடிக்கொண்டே போகும். இதயத் தசைக்கு எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தச் சிறு குழாய்கள்தான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, பிளீஜியா இந்த ஏற்பாட்டில் எங்கே கை வைக்கிறது? பொட்டாசியத்திலேயே தொடங்கலாம். அந்த மூன்றாவது வழி வேலை செய்வதே பொட்டாசியம் செல்லுக்குள்ளிருந்து வெளியே ஓடுவதால்தான். வெளியில் ஏற்கெனவே பொட்டாசியம் நிறைந்திருந்தால் ஓட்டம் மட்டுப்படும், மின்னழுத்தம் இறங்காது, குழாய் தளராது. பன்றியின் கரோனரி தமனிகளை உயர் பொட்டாசியத்தில் வைத்துப் பார்த்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. நைட்ரிக் ஆக்சைடு ஓரளவு தாக்குப்பிடித்த நிலையிலும் இந்த மூன்றாவது வழி மங்கிப்போனது. இதயத்தை நிறுத்தும் குணமே குழாயின் தளரும் திறனையும் தொடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் யோசிக்க வைக்கிற இடம் இதுதான்.

அடுத்து குழாயைச் சுற்றியிருக்கும் தசை. பொட்டாசியம் கூடினால் அதன் கால்சியம் கதவுகள் திறக்கும், கால்சியம் உள்ளே போகும், தசை இறுகும். மருந்தியல் ஆய்வகங்களில் தமனி வளையத்தை இரண்டு கம்பிகளில் மாட்டி, 37 டிகிரி வெதுவெதுப்பான கரைசலில் தொங்கவிட்டு, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முதலில் செய்வதே பொட்டாசியம் குளோரைடைச் சேர்ப்பதுதான். வளையம் இழுத்துக்கொள்வது வரைகோட்டில் ஏறும். அந்தச் சோதனையில் சேர்க்கும் அளவு பிளீஜியாவில் இருப்பதைவிட அதிகம், உண்மைதான். ஆனாலும் திசை ஒன்றே. அதனால்தான் பல பிளீஜியாக்களில் மக்னீசியம் சேர்க்கிறார்கள். மக்னீசியம் கால்சியத்துக்கு எதிரி மாதிரி நின்று இறுக்கத்தைத் தடுக்கும்.

வரலாற்றில் முதலில் நடந்ததும் அளவுப் பிழைதான். 1955-ல் லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் பொட்டாசியம் சிட்ரேட்டால் இதயத்தை நிறுத்திக் காட்டினார். இதயத்தைத் திறந்து வேலை செய்ய வழி கிடைத்தது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அவர் விட்ட பொட்டாசியம் இன்றைய அளவைப் போலப் பல மடங்கு. இதயத் தசையில் திட்டுத் திட்டாகச் சேதம் தெரிய ஆரம்பித்ததும் அந்த முறையையே ஓரங்கட்டிவிட்டார்கள். 1973-ல் கே, எபெர்ட் என்ற இருவர் பொட்டாசியத்தைக் குறைத்துப் பயன்படுத்தினால் போதும் என்று காட்டிய பிறகுதான் அது திரும்பி வந்தது. அதே பத்தாண்டின் நடுவில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெர்ஸ், பிரெய்ம்பிரிட்ஜ் ஆகியோர் உருவாக்கிய கரைசல் உலகமெங்கும் போனது. பொட்டாசியம் 16, மக்னீசியம் 16. நம் தியேட்டர்களில் 20 மில்லி ஆம்பூலாக வந்து, ரிங்கர் என்ற உப்பு நீர்க் கரைசலில் கலந்து, ஐஸில் வைத்துக் குளிரக் குளிரக் கொடுப்பது அந்தப் பரம்பரைதான்.

மருந்தைப் போலவே முக்கியம் அதை எந்த வேகத்தில் விடுகிறோம் என்பது. நான் தினமும் கையில் வைத்திருக்கிற விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பேச்சிப்பாறை அணையிலிருந்து சானலில் தண்ணீர் திறக்கும்போது ஷட்டரை ஒரே அடியாகத் தூக்கினால் கரை அரித்துக்கொண்டு போகும். பயிருக்குத் தண்ணீர் போய்ச் சேரும், ஆனால் கரை போய்விடும். கரோனரியிலும் அதுதான். அழுத்தம் மிஞ்சினால் அந்த ஒரு செல் படலத்தின் மேல் இருக்கும் சர்க்கரைச் சத்தாலான வழவழப்புப் பூச்சு உரிந்துபோகும், செல்களுக்கு நடுவில் இடைவெளி விழும், நீர் கசிந்து தசை வீங்கும். அழுத்தம் குறைந்தாலும் ஆகாது. அடைப்பு இருக்கும் குழாய்க்கு அப்பால் மருந்து போகாமல் அந்தப் பகுதி நிற்காது, குளிராது.

அதனால் பெருந்தமனி வேரில் பிபி பார்க்கிற அதே அளவில் 60 முதல் 80 வரை வைத்துக்கொள்ள முயல்வோம். இன்னொரு வழி, இதயத்தின் பின்பக்கம் கரோனரி சைனஸ் என்ற பெரிய சிரைக்குள் குழாய் வைத்து எதிர்த்திசையில் விடுவது. தமனிகளில் அடைப்பு கடுமையாக இருந்தால் இது கைகொடுக்கும். ஆனால் சிரையின் சுவர் மெல்லியது. அங்கே 40-ஐத் தாண்ட விடமாட்டோம். பிளீஜியா கொடுக்கும்போது என் கண் முக்கால்வாசி நேரம் அந்த எண்ணில்தான் இருக்கும், கை பம்பின் குமிழில் இருக்கும். சர்ஜன் "பிரஷர் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டும்.

வெறும் உப்பு நீர்க் கரைசலுக்கு இன்னொரு குறையும் உண்டு. ரத்தத்தில் இருக்கும் புரதம் நீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைக்கும். உப்பு நீரில் அந்தப் பிடிப்பு இல்லை. அதனால் வெளியே கசியும். கசிவைக் குறைக்கச் சில கரைசல்களில் மேனிட்டால் சேர்ப்பார்கள். 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் ஜெரால்ட் பக்பெர்க் வேறு வழி எடுத்தார். நோயாளியின் சொந்த ரத்தத்தையே நான்கு பங்கு எடுத்து, ஒரு பங்கு மருந்துக் கரைசலோடு கலந்து கொடுத்தார். ஆக்சிஜனும் போகும், புரதமும் போகும், அமிலத்தைச் சமன் செய்யும் சக்தியும் போகும், ஆக்சிஜன் நச்சுகளை அடக்கும் பொருள்களும் கூடவே போகும். படலத்துக்குப் பழக்கமான திரவம் ரத்தம்தான். என்னைக் கேட்டால், குழாயின் பக்கம் நின்று யோசித்து எடுத்த பெரிய அடி இதுதான் என்பேன்.

பிறகு வந்தது டெல் நிடோ கரைசல். குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்காகப் பிட்ஸ்பர்கில் உருவானது, இப்போது பெரியவர்களுக்கும் கொடுக்கிறார்கள். பொட்டாசியத்தோடு லிடோகெயினும் மக்னீசியமும் உண்டு. லிடோகெயின் சோடியம் கதவுகளைத் தானே பிடித்துக்கொள்கிறது. மற்ற கரைசல்களை ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கும்போது, இதில் ஒரு தடவை கொடுத்தால் 60 முதல் 90 நிமிடம் வரை விட்டுவைக்கலாம். திரும்பத் திரும்பத் தள்ளாமல் இருப்பதும் குழாய்க்கு ஒரு நன்மை.

ஜெர்மனியின் பிரெட்ஷ்னைடர் முற்றிலும் வேறு பாதை போனார். பொட்டாசியத்தை அதிகம் ஏற்றாமல் சோடியத்தைக் குறைத்தார். ரத்தத்தில் 140 இருக்கும் சோடியம் அவருடைய கரைசலில் 15. சோடியமே இல்லாவிட்டால் கதவு திறந்தும் என்ன பயன்? பொட்டாசியம் 9 அல்லது 10தான். கால்சியம் மிக மிகக் கொஞ்சம், ஆனால் பூஜ்யம் இல்லை. முழுக்க எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தால் கால்சியம் வெள்ளமாக உள்ளே பாய்ந்து செல்லையே உடைத்துவிடும் என்பதால் அந்தத் துளியை விட்டுவைத்தார்கள். இதை 6 முதல் 8 நிமிடம் வரை மெதுவாக விட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜெஃப்ரி டாப்சன் குழுவினர் அடினோசின், லிடோகெயின் இரண்டையும் சேர்த்து, பொட்டாசியத்தை ரத்தத்தின் சாதாரண அளவை ஒட்டியே வைத்து இதயத்தை நிறுத்தும் வழியைத் தேடினார்கள். அடினோசின் கரோனரியைத் தளர்த்தும் பொருள் என்பதால் குழாயின் பக்கத்திலிருந்து பார்க்கும் எனக்கு அது நம்பிக்கை தருகிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தான நேரம் எது தெரியுமா? ரத்தம் திரும்பி வரும் நேரம். ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த படலத்தின் மேல் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பாயும்போது ஆக்சிஜன் நச்சுகள் கிளம்பும். அவை நைட்ரிக் ஆக்சைடை அது வேலை செய்யும் முன்னாலேயே அழித்துவிடும். படலம் பிசுபிசுப்பாகி வெள்ளணுக்களைப் பிடித்து வைக்கும். பெரிய குழாய் திறந்திருந்தும் தந்துகிகள் அடைத்துக்கொண்டு ரத்தம் போகாத பகுதிகள் உண்டாகலாம். சில நேரம் கரோனரியோ, பைபாஸுக்காகத் தைத்த ஒட்டுக் குழாயோ சுருண்டு இறுகும். இசிஜியில் எஸ்டி என்ற பகுதி மேலே ஏறும்.

அதனால் கிளாம்பை எடுக்கும் முன்னால் பல இடங்களில் வெதுவெதுப்பான ரத்தப் பிளீஜியாவைக் கொஞ்சம் கொடுப்பார்கள். கிளாம்பை எடுக்கும்போதும் சில நிமிடம் அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்திருந்து மெல்ல ஏற்றுவோம். வெளிறிக் கிடந்த இதயம் மேலிருந்து கீழாகச் சிவக்கத் தொடங்கும். பலருக்குத் தானே துடிக்கும். சிலருக்கு ஒரு சின்ன ஷாக் வேண்டியிருக்கும்.

ஐசியுவில் நைட்ரோகிளிசரின் டிரிப் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது உடம்பில் நைட்ரிக் ஆக்சைடைத் தருகிற மருந்து. படலம் தானே சுரக்க வேண்டியதை, அது அசந்திருக்கும் நேரத்தில் நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம். டில்டியாசெம் போன்றவை கொடுத்தால் அது கால்சியம் கதவுகளை மூட. பல வருஷச் சர்க்கரையும் பீடியும் இந்தப் படலத்தை ஆபரேஷனுக்கு முன்பே நலிவடையச் செய்திருக்கும் என்பதால்தான் டாக்டர்கள் பீடியை விடச் சொல்லி அத்தனை பிடிவாதம் பிடிக்கிறார்கள். பாட்டியின் வீட்டுக்காரர் திண்ணையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையில் இருந்ததை முற்றத்தில் போட்டு மிதித்தார்.

பாட்டிக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "அந்தத் தண்ணி பின்ன எங்க போவும் மக்ளே? உள்ளயே கெடக்குமா?"

கிடக்காது பாட்டி என்றேன். தந்துகிகளைத் தாண்டியதும் அது கரோனரி சைனஸ் வழியாக இதயத்தின் வலது மேல் அறைக்கு வந்து, அங்கிருந்து என் மெஷினுக்கு வந்துவிடும். சோடியம் குறைந்த ஜெர்மன் கரைசல் என்றால் உடம்பின் சோடியம் இறங்கிவிடாதபடி அதை உறிஞ்சி வெளியே எடுக்கவும் செய்வோம். மற்றது ரத்தத்தோடு கலந்து நீர்த்துப்போகும். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்ப்பேன். கூடுதலாக இருந்தால் மெஷினிலேயே ஒரு ஃபில்டரைப் போட்டு இறக்குவேன். மிச்சத்தைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் ஐசியுவில் நர்ஸ் மணிக்கு ஒருமுறை மூத்திரப் பையைக் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார்.

"அப்பம் மூத்திரம் போனாவளான்னு கேட்டா போதும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டி எழுந்தார்.